நாலு வரி எமிமாள்

என் தங்கை கெத்சியாள் என்னோடு பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் சொத்து இல்லை, நகை இல்லை, கல்யாண வீட்டில் யாரும் யாரையும் கவனிக்காமல் விட்டதும் இல்லை. அவள் ஒரு விஷயம் சொல்ல வந்தாள், நான் அதைச் சுருக்கிவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மூன்று வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மகராசி.

சுருக்குவது என் தொழில். பாளையங்கோட்டையில் தென்மண்டல மனு மையம் என்று ஓர் அலுவலகம். ஏழு மாவட்டத்து மனுக்களும் அங்கேதான் வரும். குழாயில் தண்ணீர் வரவில்லை, பட்டாவில் பெயர் மாறவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை எங்கள் வாசலுக்குத் திருப்பிவிட்டான், எல்லாம் வரும். சிலர் எட்டுப் பக்கம் எழுதுவார்கள். ஒருவர் நாற்பது பக்கம் எழுதி, அதற்குப் பொருளடக்கமும் போட்டு அனுப்பினார். ஆணையரோ ஒரே ஆள். திங்கட்கிழமை ஒரு நாளில் முந்நூறு மனுவுக்கு அவர் உத்தரவு போட வேண்டும். அதனால் ஒவ்வொரு மனுவையும் நாலே வரியில் சுருக்கிக் கொடுக்க நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். யார், என்ன நடந்தது, என்ன வேண்டும், யார் செய்ய வேண்டும். ஐந்து பேரில் நான்தான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. இருபத்திரண்டு வருட சர்வீஸ். நாலு வரி எமிமாள் என்றால் வாசலில் டீ விற்பவருக்குக்கூடத் தெரியும்.

நாலு வரியெல்லாம் எழுத்தில்தான். வாயைத் திறந்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பது இதற்குள் உங்களுக்கே விளங்கியிருக்கும். ஆனால் அடுத்தவர் பேச ஆரம்பித்தால் என்னால் பொறுக்க முடியாது. விஷயம் என்ன, விஷயம் என்ன என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும்.

கெத்சி என்னைவிட எட்டு வயது சின்னவள். தூத்துக்குடியில் வேதியியல் டீச்சர். அப்பா அம்மா போன பிறகு, கல்யாணம் கட்டாத எனக்கு அவள் ஒருத்திதான் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள. மாதம் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வருவாள். அன்றைக்கும் அப்படித்தான் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். ஓட்டுநர் இல்லாத பஸ் வந்த பிறகு கம்ப்யூட்டர் ஏதோ குறுக்குவழி கண்டுபிடித்து அவர்கள் தெருவையே விட்டுவிட்டதாம். பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் நடையாம். அவள் வீட்டுக்காரர் செல்வின் விடிவதற்கு முன்பே எழுந்து அவளையும் தூங்கவிடாமல் எழுப்பிவிடுகிறாராம். மாமியார் வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறார்களாம். தலைமையாசிரியை ஒரே ஒரு நாள் லீவு கேட்டதற்குக் கடித்துக் குதறிவிட்டாளாம். இடது கால் முட்டி வேறு உயிர் போகிற வலியாம்.

இருபது நிமிடம் பொறுத்தேன். எனக்கு அது பெரிய விஷயம். அதற்கு மேல் தாங்கவில்லை. "கெத்சி, நான் சொல்லட்டா? உனக்கு அந்த வீட்ல இருக்கப் பிடிக்கல. வேலையும் அலுத்துப்போச்சு. இங்க வந்து இருக்கணும், கேக்கத்தான் கூச்சமா இருக்கு. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு, வா" என்றேன். கணக்காக நாலு வரி. எனக்கே என் மேல் பெருமையாக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். காபி டம்ளரைக் குடிக்காமல் கீழே வைத்தாள். "நான் இன்னும் சொல்லியே முடிக்கலக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன் செய்தால் எடுக்கவில்லை. கடிதம் எழுதினேன். "தப்பு என்னுடையது. மனதில் வைத்துக்கொள்ளாதே. பார்க்க வேண்டும் போல இருக்கிறது. வா." பத்தாம் நாள் அதே கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல, 'விரிவாக விடையளிக்கவும்' என்று எழுதி, பத்துக்குப் பூஜ்யம் போட்டிருந்தாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. விரிவாக எழுத உட்கார்ந்தால் ஐந்தாவது வரிக்குப் பேனா நகரவே இல்லை. கிறிஸ்மஸுக்குச் செல்வின் மட்டும் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போவார். அப்படியே மூன்று கிறிஸ்மஸ் போய்விட்டது.

அந்த நிலையில்தான் ரஷீதா எங்கள் மையத்துக்கு வந்தாள். பிறந்தது மேலப்பாளையம், படித்தது வெளிநாடு, வேலை சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு கறுப்புப் பெட்டி. மனுவைச் சுருக்குகிற கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஊரில் நூறு இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று எங்கள் பிரிவில் மூத்தவரான பொன்னுலிங்கம் அண்ணாச்சி கேட்டார். அதெல்லாம் எந்தச் சொல் அதிகமாக வருகிறது, எதற்குப் பிறகு எது வரும் என்று பார்த்து எழுதுகிறது, நான் செய்யப்போவது அது இல்லை என்றாள். நன்றாகச் சுருக்கத் தெரிந்த மனிதர் படிக்கும்போது தலைக்குள் என்ன நடக்கிறது, அதைத்தான் படி எடுக்க வேண்டும் என்றாள். மேலிடத்து உத்தரவும் காட்டினாள். கெட்டிக்காரி யார் என்று கேட்டாள், நாலு பேரும் என்னைக் கை காட்டிவிட்டார்கள்.

"நம்ம சீட்டை நாமளே கிழிக்குதோம், பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணாச்சி.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை. என் தலைக்குள் பார்க்க ஒருத்தி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள் என்றால் சும்மாவா? ஆறு வாரம் நான் மனு படிக்கும்போது நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவளுடைய பெட்டி கேட்டுக்கொள்ளும். என் கண் எந்த வரியில் நிற்கிறது, எதைத் தாவுகிறது என்று ஒரு சின்னக் கேமரா பார்த்துக்கொள்ளும். முதல் நாளே மானம் போயிற்று. "நான் முதல்லருந்து வரிவரியாப் படிப்பேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கண் நேரே கடைசிப் பக்கம் போய்க் கையெழுத்தையும் தேதியையும் பார்த்துவிட்டு, நடுவில் அடித்துத் திருத்திய இடத்தில் வந்து நின்றதைக் கேமரா புட்டுப் புட்டு வைத்தது. வாய் ஒன்று சொல்ல, கண் வேறொன்று செய்திருக்கிறது, இருபத்திரண்டு வருடமாக.

ரஷீதா அதையெல்லாம் சேர்த்து ஒரு கூட்டம் உண்டாக்கினாள். பெட்டிக்குள் நாற்பத்து மூன்று குட்டி எந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வேலை, நான் செய்கிற ஒரு சின்னக் காரியம். நாங்கள் பெயர் வைத்தோம். 'பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு' போன்ற வரிகளை விட்டுத் தாவுவதற்கு 'தாண்டி' என்று பெயர். தேதியையும் புல எண்ணையும் தேடிப் பிடிப்பது 'மோப்பக்காரி'. வெட்டிக் குறைப்பது 'கத்திரி'. ஒரு மனுவைக் கொடுத்தால் போதும், திரையில் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடும். 'இது புலம்பல், விடு.' 'இங்கே ஒரு தேதி, பிடி.' 'இதை ஏற்கெனவே சொல்லியாச்சு.' நாற்பத்து மூன்று எமிமாள்கள் சந்தைக்கடை போல இரைவதைப் பார்க்க எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இருநூறு மனுவை எனக்கும் பெட்டிக்கும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தோம். அண்ணாச்சி தனக்கு எந்த ஊருக்கு மாற்றல் வரும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வாரம்தான் சுடலைமுத்து வந்தார். வடக்குப் பொத்தையூரில் டீக்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண் தூசி. சண்டை போடுகிற ஆள் இல்லை. எங்கள் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எங்க ஊருக்கு நாப்பது வருசமா ரோடு இல்லம்மா. போன தை மாசந்தான் போட்டாவ. கண்ணாடி கணக்கா ரோடு. மனசு கேக்கல, எட்டுப் பக்கம் எழுதிப் போட்டேன். முந்தாநாள் ஜேசிபி வந்து அந்த ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டுப் போயிட்டாவ. கேட்டா, உம்ம மனு மேலதான் உத்தரவுங்காவ. நன்றி சொன்னது ஒரு குத்தமாம்மா?"

அறையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் ஒரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், குஷியாகவும் இருந்தது. பெட்டி மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். விறுவிறுவென்று ரஷீதாவிடம் போய், உன் எந்திரம் செய்த காரியத்தைப் பார் என்றேன். அவள் பழைய கோப்பை எடுத்தாள். சுருக்கம் இப்படி இருந்தது: 'வடக்குப் பொத்தையூர் சுடலைமுத்து. ஊருக்கு நாற்பது வருடமாகச் சாலை இல்லை. சாலை வேண்டும். சாலைப் பிரிவு உடனே வேலையைத் தொடங்க வேண்டும்.' கீழே கையெழுத்து என்னுடையது. பெட்டிக்கு அப்போது நிஜ மனு எதுவும் கொடுக்கவே இல்லையாம். வேலையைத் தொடங்கு என்று உத்தரவு போனால் அவர்கள் தொடங்குவார்கள்தானே, ரோடு போடுவதில் முதல் வேலை தோண்டுவது.

என் முகத்தில் அசடு வழிந்தது. ரஷீதா அதே மனுவைப் பெட்டிக்குக் கொடுத்தாள். எழுத்து மாறாமல் அதே நாலு வரி வந்தது.

"சந்தோஷப்படுங்க எமிக்கா, உங்களை அப்படியே படிச்சிருச்சு, தப்போட சேத்து" என்றாள். பிறகு திரையில் பின்னால் போய் ஓர் இடத்தைக் காட்டினாள். "ரெண்டாம் பக்கம் முடியுற இடத்தைப் பாருங்க. இது ஒண்ணு, 'தெரிஞ்சுபோச்சு, ரோடு வேணும்'னு கத்துது. அதுக்கப்புறம் மத்த நாப்பத்திரெண்டும் வேற எதையும் தேடல. அது சொன்னதுக்குச் சாட்சி மட்டும் தேடுது. கடைசிப் பக்கத்துல அவர் நன்றி நன்றின்னு எழுதியிருக்கார். எல்லா மனுவோட கடைசியிலயும் நன்றி இருக்குமே, அதனால 'தாண்டி' தாவிட்டுப் போயிட்டா."

அது என்ன, இதற்கு மட்டும் பெயர் வைக்கவில்லையே என்று கேட்டேன்.

"வெச்சிருக்கோம். முந்திரிக்கொட்டை. உங்க காதுல விழாமக் கூப்பிடுதோம்" என்றாள்.

அதைக் கழற்றிவிட வேண்டியதுதானே என்றேன் கோபமாக. கழற்றினால் வேகம் போய்விடுமாம். முந்நூறு மனு ஒரு நாளில் நடக்காதாம். என் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறதாம். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தடவை அது சொல்வதுதான் சரி. "மனு எழுதுறவங்க குறையைத்தானக்கா எழுதுவாங்க. நல்ல சேதியை எட்டுப் பக்கம் எழுதி யாரு அனுப்புவா? குறையில ஆரம்பிச்சு சந்தோஷத்துல போய் முடியுற விஷயம் வந்தா மட்டும் நீங்க சறுக்கிருவீங்க."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் நல்ல செய்தியை நேராகச் சொல்கிற பழக்கமே கிடையாது. எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா கொசுக்கடியில் ஆரம்பித்து, ரேஷன் அரிசி, தன் பல்வலி, பரீட்சை மையத்தில் மின்விசிறி ஓடாதது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தாள். எதிர்வீட்டு அக்கா அதுவரை உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தார்கள். கெத்சி அம்மாவின் பிள்ளை.

மறுநாள் மதியம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ரஷீதாவின் பெட்டிமுன் உட்கார்ந்தேன். கெத்சி அன்றைக்குச் சொன்ன இருபது நிமிடத்தையும், நடுநடுவே அவள் சிரித்ததையும் சேர்த்துத் தட்டினேன். எனக்கு ஒரு வார்த்தை மறக்காது, அதுவும் தொழில்தான். பஸ், விடியற்காலை, மாமியார், லீவு, முட்டிவலி. பெட்டி எட்டு நொடியில் பதில் சொன்னது: 'மனுதாரர் கெத்சியாள். புகுந்த வீடும் வேலையும் அலுத்துவிட்டன. வேறு இடத்தில் தங்க வேண்டும். உறவினர் இடம் தர வேண்டும்.' மூன்று வருடம் முன்னால் நான் சொன்னதேதான். என் குரலே திரையிலிருந்து என்னைப் பார்த்து இளித்தது.

ரஷீதா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.  குனிந்து முந்திரிக்கொட்டையை மட்டும் அணைத்துவிட்டு, மறுபடியும் ஓட விட்டாள். இந்தத் தடவை பதினொரு நிமிடம் ஆயிற்று. நாற்பத்திரண்டும் திரையில் விவாதம் செய்தன. 'இது புலம்பலா?' 'இல்லை, சொல்லும்போது சிரிப்பு இருக்கிறது.' 'லீவு எதற்கு என்று எங்கேயும் இல்லையே.' 'இடது முட்டி மட்டும் ஏன்?' கடைசியில் நாலு வரி வரவில்லை. ஒரே வரி வந்தது.

'சாரம் இன்னும் வரவில்லை. மீதியைக் கேட்கவும்.'

நான் எல்லோர் முன்னாலும் அழுதேன். அண்ணாச்சி பதறிப்போய்த் தன் மோர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

பிறகு மையத்தில் என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். யாருக்கும் சீட்டுக் கிழியவில்லை. இப்போது மனுக்களைப் பெட்டிதான் பார்க்கிறது, முந்திரிக்கொட்டை ஓய்வில் இருக்கிறது. நேரம் ஆனால் ஆகட்டும் என்று அதை வாரம் முழுக்க இரவு பகலாக ஓட விடுகிறார்கள். 'சாரம் இன்னும் வரவில்லை' என்று அது ஒதுக்குகிற ஆட்களை நேரில் வரவழைத்து, முழுக்கச் சொல்லவிட்டுக் கேட்பதுதான் எங்கள் ஐந்து பேர் வேலை. பொத்தையூரில் மறுபடியும் ரோடு போட்டாயிற்று. சுடலைமுத்து பதினாறு பக்கம் எழுதியிருந்தார். வட்டமாக உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமையே தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். எனக்குப் பஸ் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஏறி உட்கார்ந்து பத்து நிமிடத்தில் குடலைப் புரட்டும். அதனால்தான் எப்போதும் அவள் என்னைப் பார்க்க வருவாள், நான் போனதில்லை. வல்லநாட்டில் ஒரு தடவை, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டி ஒரு தடவை வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்தவள் கெத்சிதான். நரை விழுந்திருந்தது. என் கோலத்தைப் பார்த்துப் பதறினாள், உடனே பதறியதை மறைத்துக்கொண்டாள்.

"என்ன, நாலு வரியில சொல்லிட்டுப் போகலாம்னு வந்தியா?"

"சொல்ல வரல கெத்சி. கேக்க வந்தேன். அன்னைக்கு நீ விட்ட இடத்துலருந்து சொல்லு."

"நான் எங்க விட்டேன்? நீ வெட்டுன."

"ஆமா, நான்தான் வெட்டினேன். நீ சொல்லு."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அதெல்லாம் முடியாது. முதல்லருந்துதான் சொல்லுவேன்" என்றாள்.

சொன்னாள். என்னைச் சோதிக்கவென்றே நிதானமாகச் சொன்னாள். பஸ்ஸுக்கு மட்டும் அரை மணி நேரம். தெருவை விட்டது எந்தத் தேதி, யார் யார் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள், அந்த மனுவைச் சுருக்கியது யாராக இருக்கும் என்று என்னை ஒரு பார்வை. தெரிந்துபோச்சு, தெரிந்துபோச்சு என்று உள்ளே ஒன்று குதித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் மாமியார் இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்து, இவள் எப்படி வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று என்னை அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பஸ் போனதும் செல்வின் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கையால் ஓட்டுகிற பழைய கார்களை எல்லோரும் கழித்துக் கட்டுகிறார்களே, ஒன்று வாங்கிவிடலாம் என்று. விடிவதற்கு முன்னால் எழுப்பியது ஓட்டப் பழக. அப்போதுதான் ரோடு காலியாக இருக்குமாம். மாமியார் வாசலில் நின்று கத்தியது 'பிரேக்கு, பிரேக்கு' என்று. லீவு கேட்டது லைசென்ஸ் பரீட்சைக்கு. கையால் ஓட்டுகிறவர்களுக்கு மாதத்தில் ஒரே நாள்தானாம். இடது முட்டி வலித்தது கிளட்ச் மிதித்து மிதித்து.

"முதல் தடவையிலயே பாஸாயிட்டேன்க்கா. அன்னைக்கு உன் வீட்டுக்கு நான் பஸ்ல வரல. வண்டி தெருமுனையில நின்னுச்சு. நானே ஓட்டிட்டு வந்தேன்."

நாக்கை மறுபடியும் கடித்துக்கொண்டேன். 

"நம்ம ரெண்டு பேரும் சின்ன வயசுலருந்து மணப்பாடு போகணும்னு சொல்லுவோம்லா. பஸ்ல உனக்குச் சேராதுன்னு ஒரு தடவைகூடப் போனதில்ல. முன்னாடி சீட்ல உக்காந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவா ஓட்டுனா உனக்கு ஒண்ணும் செய்யாதுன்னு இவுக சொன்னாவ. அதுக்காகத்தான் பழகுனேன். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் நடந்தே போயிருவேன். அன்னைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். கடைசியில சொல்லி உன்னை அசத்தணும்னு..."

அவள் முடிக்கட்டும் என்று இருந்தேன். அவளுக்கு அதற்கு மேல் வரவில்லை, என்னைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருடத்தை நான் ஒரு முந்திரிக்கொட்டைக்குத் தின்னக் கொடுத்திருக்கிறேன். அழுதோம், பிறகு அந்த 'பிரேக்கு'வை நினைத்து நினைத்துச் சிரித்தோம். மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அன்றைக்கே கிளம்பினோம். வெளுத்த நீல நிறக் கார், கதவை இரண்டு தடவை அறைந்து சாத்த வேண்டும். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். ஆறுமுகநேரி, திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் எல்லாம் கடந்தோம், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே ஓட்டினாள். புது தலைமையாசிரியை, பழைய தலைமையாசிரியை, லேபில் ஒரு பையன் ஆசிட்டைக் கொட்டியது, செல்வினின் குறட்டை. இதில் எது புலம்பல், எது நல்ல செய்தி என்று நான் பார்க்கவே இல்லை.

மணப்பாட்டில் சர்ச் இருக்கிற குன்றின் அடியில் வண்டியை நிறுத்தினாள். மூன்று பக்கமும் கடல். இன்ஜின் நின்றதும் பேச்சும் நின்றது. அவ்வளவுதான், இறங்கு என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நான் இறங்கவில்லை.

"அப்புறம்?" என்றேன்.